பழைய மின்சாரக் கிதாரும் நம் கமகமும்



ஓர் இசைக்கருவி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு வந்து சேருமானால், அது வந்த கோலத்திலேயே நின்றுவிடுவதில்லை. புகுந்த இடத்து இசைக்கு ஏற்ப அதுவும் மாறியே தீர வேண்டும். இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று வயலின். முத்துசாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் அக்கருவியைக் கற்று, அதனை நம் இசைக்கு உரியதாக ஆக்கிய முன்னோடிகளுள் ஒருவர். கருவியின் மரத்தில் உளி படவில்லை. தந்திகளின் சுருதி மட்டும் ஸ, ப, ஸ, ப என்று மாற்றப்பட்டது. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்த கருவி, தரையில் அமர்ந்து கணுக்காலில் ஊன்றி வாசிப்பதற்கு உரியதாயிற்று. இந்த இரண்டு மாற்றங்களால் அயல்நாட்டு வயலின் நம் கச்சேரி மேடையில் நிலையான இடம் பெற்றுவிட்டது.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கருவி மின்சாரக் கிதார். புத்தூரிலும் உறையூரிலும் தில்லைநகரிலும் உள்ள பல வீடுகளின் பரணில் இப்படிப்பட்ட கிதார் ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். மூத்த சகோதரர் ஒருவர் கல்லூரி நாளில் வாசித்துவிட்டு, வேலைக்குச் சென்றபின் மறந்துபோனதாக இருக்கும். தந்திகள் துருவேறி, குமிழைத் திருகினால் கரகரவென்று ஒலிப்பதாக இருக்கும். அத்தகைய கருவியை வீட்டுத் திண்ணையிலேயே, எளிய கருவிகளைக் கொண்டு செப்பனிட்டு, நம் இராகங்களை வாசிப்பதற்கு ஏற்றதாக மாற்ற இயலுமா? இயலும். ஆனால் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எந்த வரிசையில் செய்வது என்பவற்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

முதலில், மாற்றுவதற்கு என்ன தேவை என்று கேட்போம். நம் இசையின் உயிர் கமகம். ஒரு ஸ்வரம் என்பது ஒரு புள்ளியில் அசையாது நிற்பதன்று. அது அசைந்தும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டும், வழுக்கியும் வருவது. இதனை வாசிக்க இயலாத கருவி நம் இசைக்கு ஆகாது என்ற கருத்து ஒரு காலத்தில் மிக உறுதியாக இருந்தது. திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே, 1940 மார்ச்சில், அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. கட்டையை அழுத்தினால் ஒரே நிலையான ஒலிதான் வரும், கமகம் வாராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முதன்மையான காரணங்களுள் ஒன்று. அந்தத் தடை 1971ஆம் ஆண்டில்தான் ஓரளவு தளர்த்தப்பட்டது.

கிதாரும் மெட்டுகள் கொண்ட கருவிதானே, அதற்கும் இந்தக் குறை உண்டல்லவா என்று நீங்கள் கேட்கலாம். வீணைக்கும் மெட்டுகள் உண்டு. அதில் 24 மெட்டுகள் இருக்கின்றன. இருந்தும் வீணையே கமகத்தின் தாயகம் எனப்படுகிறது. தஞ்சையில் பலாமரத்தில் கடைந்தெடுக்கும் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. நமக்கு அண்மையில் உள்ள திருவரங்கத்தில் அரங்கன் திருமுன் வீணை இசைக்கும் ‘வீணை ஏகாந்தம்’ என்னும் சேவையும் உண்டு. ஆகவே மெட்டு இருப்பது குறையன்று. மெட்டின்மேல் தந்தியை இழுக்க இடம் இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. ஹார்மோனியக் கட்டையை இழுக்க முடியாது. கிதார்த் தந்தியை இழுக்கலாம். கிதாரை நம் இசைக்கு மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு இந்த வேறுபாடே அடிப்படை.

தந்தியை இழுப்பதில் அடங்கிய கணக்கைப் பார்ப்போம். தந்தியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஒரு மெட்டு உயர்வதற்கு, அஃதாவது ஒரு அரைஸ்வரம் ஏறுவதற்கு, அதிர்வெண் 1.0595 மடங்கு ஆக வேண்டும். அப்படியானால் இழுவிசை அதன் வர்க்கமாகிய 1.12 மடங்கு, அஃதாவது சுமார் 12 விழுக்காடு மிகுதல் வேண்டும். இரண்டு மெட்டு ஏறுவதற்குச் சுமார் 26 விழுக்காடு. நான்கு மெட்டு ஏறுவதற்கு ஏறத்தாழ 59 விழுக்காடு! வீணை வித்துவான்கள் ஒரே மெட்டில் விரலை வைத்து இரண்டு மூன்று ஸ்வரங்களை இழுத்துக் காட்டும்போது, இவ்வளவு விசையையே விரல் நுனியால் ஆண்டுகொண்டிருக்கிறார்கள்.

வீணையில் இது ஏன் எளிதாகிறது? அதன் மெட்டுகள் மெழுகுக் கட்டின்மேல் உயரமாக நிற்கின்றன. விரல் தந்தியையும் மெட்டையும் மட்டுமே தொடுகிறது. கீழே உள்ள மரத்தைத் தொடுவதில்லை. கிதாரில் மெட்டின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. தந்தியை அழுத்தினால் விரல் நுனி விரற்பலகையில் உராய்கிறது. இழுக்க முயன்றால் மரமே தடையாகிறது. இந்தச் சிறிய வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அரத்தைக் கையில் எடுக்கும்போது உதவும்.

இனி மின்சாரக் கிதார் ஒலி எழுப்பும் விதம். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதியே அதன் உயிர்நாடி. தந்திகளுக்கு அடியில் ‘பிக்கப்’ எனப்படும் உறுப்பு இருக்கிறது. அதனுள்ளே காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பியும் உண்டு. சாதாரணமாக ஒரு பிக்கப்பில் அந்தக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. புலம் அசையவே சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனை ஆம்ப்ளிபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. ஆகவே நைலான் தந்தியையோ பித்தளைத் தந்தியையோ மாட்டினால் இக்கருவி பேசாது. காந்தத்தால் ஈர்க்கப்படும் எஃகு அல்லது நிக்கல் சேர்ந்த தந்தியே வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931இல் வடிவமைத்து, ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினியக் கிதாரே இம்முறையில் வெற்றி கண்ட முதல் கருவி எனலாம். வாணலியைப் போன்ற உருவம் கொண்டிருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர் ஏற்பட்டது. அது மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிதார். மின்சாரக் கிதார் பிறந்ததே ஸ்வரங்களை வழுக்கி வாசிக்கும் கருவியாகத்தான்! பின்னர் 1950களில் ஃபெண்டர், கிப்சன் ஆகிய நிறுவனங்களின் முழுமரக் கிதார்கள் புகழ்பெற்றன. இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மலிவான கிதார்களும் பெரும்பாலும் அவற்றின் அச்சைப் பின்பற்றியவையே.

முழுமரத்தால் நமக்கு ஒரு நன்மை உண்டு. உள்ளீடற்ற கருவியில் தந்தியின் ஆற்றல் மேற்பலகையை அசைப்பதில் விரைவாகச் செலவாகிவிடும். ஒலி சீக்கிரம் ஓயும். முழுமரம் அவ்வளவு எளிதில் அசைவதில்லை. தந்தி நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மீட்டில் நீண்ட கமகத்தை வாசிப்பதற்கு இந்த நீடித்த நாதமே வேண்டும்.

இந்த உண்மையைத் தென்னாட்டு மேடையில் நிலைநாட்டியவர் மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ். அவர் 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர். 1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் ஒன்பது வயதுப் பாலகனாக மேடையேறினார். மாண்டலின் என்பது இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட மேலைநாட்டுக் கருவி. இரட்டைத் தந்தியை ஒரே அளவாக இழுப்பது எளிதன்று. இரண்டும் சற்றே வேறுபட்டாலும் சுருதி கலைந்துவிடும். அவர் மின்சார மாண்டலினை எடுத்து, எட்டுத் தந்திகளை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். மின்சாரத்தால் நாதம் நீடித்தது. ஒற்றைத் தந்தியால் கமகம் வசப்பட்டது. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2014இல் சென்னையில் மறைந்தார். அந்தச் சிறிய கருவியில் அவர் செய்த மாற்றத்தின் பயனை அவருடைய ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம்.

கிதாரிலேயே கர்நாடக இசையை வாசித்துக் காட்டியவர்களும் உண்டு. சுகுமார் பிரசாத்தும் அவருக்குப் பின் ஆர். பிரசன்னாவும் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். வடநாட்டில் விஸ்வ மோகன் பட் கிதாரை மாற்றியமைத்து ‘மோகன வீணை’ எனப் பெயரிட்டார். 1994இல் கிராமி விருதும் பெற்றார். 1970களில் நம் கடம் வித்துவான் விக்கு விநாயகராமுடன் ‘சக்தி’ என்னும் குழுவில் வாசித்த ஆங்கிலேயக் கலைஞர் ஜான் மக்லாக்லின், மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகக் குடையப்பட்ட கிதாரை வைத்திருந்தார். விரல் மரத்தில் உராயக்கூடாது என்பதே அந்தக் குடைவின் நோக்கம். வீணையின் உயர்ந்த மெட்டு செய்யும் வேலையை அந்தக் குழி செய்தது.

இனி நம் வேலைக்கு வருவோம். வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். விரும்பினால் பழையபடி மாற்றிவிடக் கூடியவை முதல் வகை. உழைப்பும் பொருளும் செலவிட்டால் மட்டும் மாற்றக் கூடியவை இரண்டாம் வகை. ஒருமுறை செய்தால் திரும்பவே முடியாதவை மூன்றாம் வகை. எப்போதும் முதல் வகையிலிருந்தே தொடங்க வேண்டும். பாதி வழியிலேயே கருவி மனத்துக்கு இசைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மேலும், பரணில் கிடந்தது 1950களின் அல்லது 1960களின் உண்மையான அயல்நாட்டுக் கருவியாக இருக்குமானால், அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் அதில் அரத்தை வைக்காதீர்கள். அதன் மதிப்பே அது மாறாமல் இருப்பதில்தான் இருக்கும்.

முதல் வேலை சோதனை. பழைய தந்திகளைக் கழற்றிக் கருவியைத் துடையுங்கள். தண்டியை, அஃதாவது கழுத்துப் பகுதியை, கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கு உண்டா என்று பாருங்கள். நம் ஊரின் கோடை வெயிலில் தகரக் கூரையின்கீழ்ப் பல ஆண்டுகள் கிடந்த மரம் வளைந்திருக்கக் கூடும். வளைவைத் தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கொண்டு சரிசெய்யலாம். முறுக்கைச் சரிசெய்வது கடினம். பின்னர் மெட்டுகளின் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். மரம் சுருங்கினால் உலோக முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். மெல்லிய அரத்தால் இரண்டு தடவை தீட்டினால் அது போய்விடும்.

இரண்டாவது வேலை சுருதி மாற்றம். கிதாரின் ஆறு தந்திகள் மேலைநாட்டு வழக்கப்படி தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனச் சேர்க்கப்படுகின்றன. நமக்கு வேண்டியது ஸவும் பவும். டி என்னும் இரண்டு கட்டைச் சுருதியை ஸ என்று கொள்வோம். மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவதாகிய ஜி தந்தியைக் கழற்றிவிடுங்கள். எஞ்சியவை ஐந்து. தடித்த ஈ தந்தியை டி ஆகத் தளர்த்துங்கள்: அது மந்தர ஸ. ஏ தந்தி அப்படியே இருக்கட்டும்: அது ப. டி தந்தியும் அப்படியே: அது ஸ. பி தந்தியை ஏ ஆகத் தளர்த்துங்கள்: மீண்டும் ப. மெல்லிய ஈ தந்தியை டி ஆகத் தளர்த்துங்கள்: மேல் ஸ. ஆக ஸ, ப, ஸ, ப, ஸ. எந்தத் தந்தியையும் முறுக்கி ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும் அபாயம் குறைவு. இரண்டு அரைஸ்வரம் தளர்த்திய தந்தியில் இழுவிசை சுமார் 21 விழுக்காடு குறைகிறது. கமகத்துக்கு இழுப்பதும் அந்த அளவுக்கு எளிதாகிறது. ஜி தந்தி இருந்த இடம் வெறுமையாக இருப்பதும் நன்மையே. பக்கத்துத் தந்தியை இழுக்க அது வெளியாக உதவும்.

ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும். சாதாரணமான மெல்லிய தந்தித் தொகுதி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தண்டியை முன்னோக்கி வளைக்கின்றன. தண்டிக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதனை எதிர்த்துப் பின்னோக்கி இழுக்கிறது. நாம் செய்த மாற்றத்தால் தந்திகளின் இழுவிசையில் கால் பங்கு போய்விடுகிறது. இரும்புக் கம்பியின் கை ஓங்குகிறது. தண்டி பின்னோக்கி வளைந்து, தந்தி மெட்டுகளில் உரசி இரையலாம். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டருகே பாருங்கள். தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு முகவரி அட்டையின் கனத்துக்கு இடைவெளி வேண்டும். இல்லையெனில் இரும்புக் கம்பியின் திருகை இடப்புறமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் பாருங்கள். மரம் மெல்லத்தான் பதில் சொல்லும். அவசரப்பட்டு மேலும் மேலும் திருகுவது கூடாது.

மூன்றாவது வேலை குதிரையை நிலைநிறுத்துவது. பல மின்சாரக் கிதார்களில் குதிரை சுருள்வில்களின்மேல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு கைப்பிடியால் அதனை அசைத்து ஒலியை நடுங்கச் செய்வார்கள். நமக்கு அது இடையூறு. ஒரு தந்தியை இழுத்தால் அந்த இழுவிசையில் குதிரை முன்னே சாயும். மற்ற தந்திகள் எல்லாம் தளர்ந்து சுருதி இறங்கும். கமகம் வாசிக்கும்போது ஆதார ஷட்ஜமே ஆடிப்போனால் என்ன ஆகும்! கருவியின் பின்மூடியைக் கழற்றினால் குதிரையின் உலோகக் கட்டையும் சுருள்வில்களும் தெரியும். கட்டைக்கும் மரச்சுவருக்கும் இடையே இருபுறமும் அளவாகச் சீவிய தேக்கு அல்லது பலா மரத் துண்டுகளைச் செருகுங்கள். பசை வேண்டாம், இறுக்கமே போதும். வேண்டாதபோது துண்டுகளை எடுத்துவிடலாம்.

அடுத்து, மெட்டும் சுருதியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால், குதிரையில் அந்தத் தந்திக்குரிய சிறு தாங்கியைப் பின்னே நகர்த்தித் தந்தியை நீளமாக்குங்கள். தாழ்ந்திருந்தால் முன்னே நகர்த்துங்கள். கிதார் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிப்பவை. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், பஞ்சம மெட்டு 215.5 மில்லிமீட்டரில் இருக்கும். சுத்தமான பஞ்சமத்துக்கு உரிய இடம் 216. வேறுபாடு அரை மில்லிமீட்டரே. ஆனால் அந்தர காந்தாரத்தில் அப்படியன்று. அதன் மெட்டு 133.7இல் இருக்க, தம்புராவோடு இயைந்து ஒலிக்கும் காந்தாரத்தின் இடம் 129.6. நான்கு மில்லிமீட்டர் தள்ளி, மெட்டு சற்றே உயர்ந்த ஒலியைத் தருகிறது. இழுத்தால் ஒலி உயருமே தவிரத் தாழாது. ஆகவே கீழ் மெட்டில் விரலை வைத்து, காந்தாரம்வரை இழுத்துக் காதால் நிறுத்துவதே வழி. வீணை வாசிப்போர் கீழ் மெட்டிலிருந்து ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும் வழக்கத்தை இங்கே ஒப்பு நோக்குங்கள். கமகம் வெறும் அணிகலனன்று. சுருதியைச் சேர்க்கும் கருவியும் அதுவே.

நான்காவது வேலை மின்சாரப் பகுதி. குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு, மாறுதடைக்குள் படிந்த தூசியால் வருவது. மின்தொடர்பு சுத்திகரிப்புத் திரவத்தைச் சிறிது விட்டு இருபது முப்பது முறை திருகினால் பெரும்பாலும் நீங்கும். நீங்கவில்லை என்றால் புதியது மாற்ற வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் அறியலாம். ஒற்றைச் சுருள் சுமார் 6 கிலோ ஓம் காட்டினால் நலம். முள் அசையாமலோ அளவு காட்டாமலோ போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

இன்னொரு தொல்லை, ஆம்ப்ளிபயரில் இடைவிடாது கேட்கும் ரீங்காரம். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசைமாறுகிறது. விளக்குகளும் மின்மாற்றிகளும் பரப்பும் அந்தக் காந்தப் புலத்தைப் பிக்கப் தந்தியின் அதிர்வைப் போலவே பிடித்துக்கொள்கிறது. இதற்கு மாற்றாக, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் ஒரு பிக்கப்பை வடிவமைத்தார். பழைய ஒற்றைச் சுருளை வைத்துக்கொண்டே இரைச்சலில் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டுமானால், உட்குழியின் சுவர் முழுவதும் செப்புத் தகட்டுத் தாளை ஒட்டி, அதனைத் தரைக்கம்பியோடு பற்றவைக்கலாம். குதிரைக்குச் செல்லும் தரைக்கம்பி அறுந்திருந்தால் அதையும் பற்றவையுங்கள். பற்றாசில் ஈயம் கலந்திருக்குமாதலால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். முடிந்தபின் கை கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிதாருக்குள் ஓடும் மின்சாரம் தீங்கற்றது. ஆம்ப்ளிபயருக்குள் இருப்பது அப்படியன்று. கிதாரின் தந்திகள் கம்பி வழியாக ஆம்ப்ளிபயரின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கின்றன. அந்தக் கூட்டில் மின்கசிவு ஏற்பட்டால் வாசிப்பவர் கையிலேயே மின்சாரம் வந்து நிற்கும். ஆகவே தரையிணைப்புள்ள மூன்று முனைச் செருகியே வேண்டும். பழைய வால்வு ஆம்ப்ளிபயரில் செருகியைப் பிடுங்கிய பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது வேலை, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைவது. இதுதான் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. மேற்கூறிய நான்கையும் முடித்து, சில மாதங்கள் வாசித்துப் பார்த்து, மரம் தடுப்பது உண்மையிலேயே குறையாகத் தோன்றினால் மட்டும் இதில் இறங்குங்கள். முதலில் ஒரு வேண்டாத மரச்சட்டத்தில் பழகிக்கொள்ளுங்கள். பிறகு கிதாரின் பன்னிரண்டாம் மெட்டுக்கு மேற்பட்ட கட்டங்களில் தொடங்குங்கள். மெட்டுகளின்மேல் ஒட்டுத்தாளைச் சுற்றிக் காப்பிடுங்கள். பிக்கப்புகளையும் மூடிவிடுங்கள், இல்லையேல் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அரைவட்ட அரத்தால் இரு மெட்டுகளுக்கு நடுவே குழி ஆழமாகவும், மெட்டை நெருங்க நெருங்க ஆழமின்றியும் வருமாறு இராவுங்கள். நடுவில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போதும். மெட்டின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் மரத்தைத் தொடாமல் விடுங்கள். அதுவே மெட்டைப் பிடித்திருக்கும் மரம். பின்னர் உப்புத்தாளால் முரட்டிலிருந்து நயத்துக்கு வரிசையாகத் தேய்த்து, கருங்காலி, ஈட்டி போன்ற மரமானால் சிறிது எண்ணெய் பூசுங்கள். வெளிர்நிற மேப்பிள் மரமானால் வார்னிஷ் இட்டு மூடுங்கள். மரத்தூள் நெஞ்சுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

குடைந்த பலகையில் வாசிக்கப் புதிய பழக்கம் வேண்டும். அழுத்தம் மிகுந்தால் தந்தி குழிக்குள் அமிழ்ந்து ஒலி உயர்ந்துவிடும். தொடக்கத்தில் எல்லா ஸ்வரமும் அபஸ்வரமாகவே கேட்கும். தம்புராவை ஒலிக்கவிட்டு, ஸவையும் பவையும் நெடுநேரம் நிறுத்தி வாசித்துக் கையைப் பழக்க வேண்டும். வீணை பயில்வோருக்கும் இந்தக் கட்டம் உண்டு. இலேசான கை என்பது ஆசிரியர் சொல்லி வருவதன்று. காது சொல்லிச் சொல்லி வருவது.

இவ்வேலை முழுவதற்கும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருகினீர்கள், எந்த நிறக் கம்பி எங்கே பற்றவைக்கப்பட்டிருந்தது, குதிரையின் தாங்கிகள் முதலில் எங்கே நின்றன என்பவற்றைப் படம் வரைந்து எழுதி வையுங்கள். கழற்றிய ஜி தந்தியின் தாங்கியையும் கைப்பிடியையும் ஓர் உறையிலிட்டுக் கிதார்ப் பெட்டியிலேயே வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் தம்பியோ தங்கையோ அதே கிதாரில் மேலைநாட்டு இசையையோ, தேவாலயப் பாடற்குழுவின் கீதங்களையோ வாசிக்க விரும்பலாம். அப்போது அந்த உறையும் குறிப்பேடும் அவர்களுக்கு வேண்டியிருக்கும்.